நிறுத்த ஆளில்லாத பஸ்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பந்த் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாரத்து வேலை. அப்பா மைசூர் ஹெப்பாளில் இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரத் தொழிலாளி. அங்கிருந்த தொழிற்சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். நாங்கள் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருந்தோம். சுவரொட்டி ஒட்டுவதற்கான மைதாப் பசை எங்கள் வீட்டு அடுப்பில்தான் கொதிக்கும். அதற்கென்று அம்மா ஓர் அலுமினியக் குண்டாவை ஒதுக்கி வைத்திருந்தாள். வேறு எதற்கும் அதை எடுக்க மாட்டாள். பொது வேலைநிறுத்தம் குறித்து அம்மாவுக்கு இருந்த கருத்து அந்தக் குண்டாவோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த முறை நடக்கவிருந்தது நாடு முழுவதற்குமான ஒரு நாள் வேலைநிறுத்தம். "அன்னைக்கு நாடே நிக்கும்" என்று அப்பா சொல்லியிருந்தார். நான் அதை அப்படியே நம்பினேன். காலையில் நாடு நிற்கும், மத்தியானம் அரசாங்கத்துக்குப் பயம் வரும், சாயங்காலம் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், மறுநாள் எங்களுக்குப் பள்ளி திறக்கும். என் மனதில் இருந்த ஒழுங்கு அதுதான். புதிதாக வரப்போகும் சட்டத்தால் தொழிலாளிகளை வேண்டும்போது வைத்துக்கொண்டு வேண்டாதபோது வீட்டுக்கு அனுப்பிவிடலாம், நிரந்தர வேலை என்ற பேச்சே இருக்காது என்று அப்பா விளக்கினார். விளக்கியது எனக்கல்ல, மாமாவுக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. ஹனூர்ப் பக்கத்து ஊரிலிருந்து கனரக வாகன லைசென்ஸோடு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஹெப்பாளில் பெரிய வளாகம் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆட்களைத் தினமும் காலையில் ஊருக்குள் அக்ரஹாரம் என்ற பகுதியில் ஏற்றிக்கொண்டு போய் வளாகத்தில் இறக்குவது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. பஸ்ஸின் நெற்றியில் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் மாமா அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. பஸ் ஒரு டிராவல்ஸ்காரருடையது. டிராவல்ஸின் ஆளா என்று கேட்டால் அதற்கும் அவரிடம் ஒரு காகிதம் கிடையாது. வரச்சொன்னார்கள், ஓட்டினார், அவ்வளவுதான். அதனால் அப்பாவின் விளக்கம் அவருக்குள் இறங்கவில்லை.

"இல்லாத வேலைய எப்படீங் மச்சான் புடுங்குவாங்க?" என்றார்.

"உனக்கு இல்லாதது எனக்கும் இல்லாமப் போயிரும் மாப்ள. அதுக்குத்தான் இந்தச் சட்டம்."

"சரி, ஒரு நா நின்னா நிறுத்திருவாங்களா? மறுநா நீங்க எல்லாரும் போயி அதே மிசின்ல தான நிக்கப்போறீங்க?"

"ஒரு நாள் நின்னாத்தான், நாம நிக்கக்கூடியவங்கன்னு அவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சு?"

அப்பாவிடம் இதற்குப் பதில் இருந்தது. அது நீளமான பதில். சங்கக் கூட்டங்களில் சொல்லிப் பழகியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும்போது அம்மா இருவர் முன்னாலும் இருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கை காய்ந்த பிறகும் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இந்தப் பேச்சு தினமும் நடந்தது. பந்த்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அது பேச்சோடு நிற்காது என்று தெரிந்தது. பந்த் அன்று எல்லா பஸ்களும் வழக்கம்போல ஓட வேண்டும் என்று டிராவல்ஸ் முதலாளி சொல்லிவிட்டார். வராத டிரைவர் மறுநாளும் வர வேண்டியதில்லை. மறியல்காரர்கள் வழியில் நிறுத்தினால் மட்டும் டிரைவர் மேல் தப்பில்லை. கண்ணாடி உடையாமல் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மாமாவுக்குக் கொள்ளேகாலத்தில் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்த நேரம். பெண் வீட்டார் கேட்டதெல்லாம் பையனுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும் என்பதுதான். ஒரு பெரிய கம்பெனியின் பெயர் எழுதிய பஸ்ஸை ஓட்டுகிறவர் என்பதில் அவர்களுக்கு ரொம்பவே திருப்தி.

அப்பாவுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஹெப்பாளுக்குள் நுழைகிற சந்திப்பில் கம்பெனி வண்டிகளை நிறுத்துகிற பொறுப்பு அவருடையது. மற்ற வண்டிகளை மறித்துவிட்டு மைத்துனனின் வண்டியை விட முடியாது. மைத்துனனை வேலைக்குப் போகாதே என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அம்மா என்ன கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

வழி கண்டுபிடித்தது மாமாதான். "நீங்க நிறுத்துங்க மச்சான். நான் நின்னுக்கறேன்" என்றார்.

அதன் பிறகு இருவருக்கும் இருந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமா சந்திப்புக்கு வரும்போது ஹாரனை இரண்டு முறை நீளமாக அடிப்பார். அப்பாவும் ஆட்களும் கொடியோடு குறுக்கே வந்து நிற்பார்கள். மாமா இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டுக் கொஞ்சம் கெஞ்சுவார். அப்பா முடியாது என்பார். இன்னொருவர் அதை போனில் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்புவார். மாமா முதலாளிக்கு அனுப்புவார். "நாலஞ்சு பேரு பத்தாதுங், படத்துல கும்பலாத் தெரியோணும்" என்று மாமா கேட்டுக்கொண்டார். கும்பலுக்கு அப்பா உறுதி சொன்னார். கெஞ்சுகிற இடத்தை மாமா கூடத்தில் ஒருமுறை செய்தும் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஸ்டிரைக்கா, கூத்தா?" என்று மட்டும் கேட்டாள். குண்டாவுக்கு வெளியே அவள் சொன்ன ஒரே கருத்து அது.

பந்த் அன்று நான் அந்த பஸ்ஸில் போவது யாருடைய திட்டத்திலும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு பந்த் கிடையாது. விடிந்ததும் நடந்தே கிளம்பிவிட்டாள். அப்பா அவளுக்கும் முன்னால் போய்விட்டார். பள்ளி விடுமுறை. என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த எதிர்வீட்டு அக்கா, ஆட்டோக்கள் ஓடாது என்று பயந்து முந்தின நாளே தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். பூட்டிய அந்தக் கதவை மாமா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "வா அம்மிணி, பஸ்ஸுல போலாம். அங்க போயி உங்கப்பன் கையில ஒப்படைச்சுப்போடறேன்" என்றார். எப்படியும் அப்பா நிறுத்தப்போகிற பஸ்தானே. எனக்குச் செருப்பைக் கூடச் சரியாக மாட்டத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் எனக்கு இடம். அக்ரஹாரத்தில் வழக்கமாக பஸ் நிறைய ஆட்கள் ஏறுவார்களாம். அன்று ஒரு கை விரலுக்குள் அடங்குகிறவர்கள்தான் நின்றிருந்தார்கள். காதில் ஒயர் மாட்டிய இரண்டு பையன்கள் கடைசி சீட்டுக்குப் போய்த் தூங்கத் தொடங்கினார்கள். நரைத்த தலையும் தேய்த்த சட்டையுமாக ஒரு கன்னடக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்தார். மற்றவர்கள் அவரை சார் என்றார்கள். மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் என் அருகே உட்கார்ந்து எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். பஸ் கிளம்பியதும் அந்த அக்கா முன்னால் சாய்ந்து, "அண்ணா, இன்னைக்கு வழியில நிறுத்திருவாங்களா?" என்று கேட்டார்.

"கவலப்படாதீங்க மேடம், நிறுத்திருவாங்க" என்றார் மாமா.

அக்கா நிம்மதியாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். நிறுத்தினால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், அலுவலகத்தில் விடுப்பாகவும் எழுத மாட்டார்கள் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். முன் சீட்டு சார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முகத்திலும் ஒரு எதிர்பார்ப்பு இருந்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்தேன்.

அப்படியொரு மைசூரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஒரு டீக்கடையில் மட்டும் ஷட்டர் பாதி இறங்கி, அதற்குக் கீழே வேட்டி கட்டிய கால்களும் பேண்ட் போட்ட கால்களும் வரிசையாகத் தெரிந்தன. பெரிய ரோட்டின் நடுவே பையன்கள் செங்கல்லை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள்; பஸ்ஸைக் கண்டதும் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி, பஸ் போனதும் மறுபடி வைத்தார்கள். சிக்னல்கள் யாருக்கும் இல்லாமல் மஞ்சளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. மாமா வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். அப்படி ஓட்டியும் ரயில்வே ஸ்டேஷன் தாண்டி கே.ஆர்.எஸ் ரோட்டுக்கு நினைத்ததற்கு முன்பே வந்துவிட்டோம். நாடு நின்றிருந்ததால் எங்களுக்கு வழி முழுக்கத் திறந்து கிடந்தது.

சந்திப்பு தூரத்தில் தெரிந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹாரனை நீளமாக அடித்தார். மறுபடியும் அடித்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி அப்பாவைத் தேடினேன்.

சந்திப்பில் யாரும் இல்லை. ரோட்டில் சில செருப்புகள் கிடந்தன. ஒரு கொடிக்கம்பு முறிந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் சாய்ந்து நின்றார். இரண்டு ஹாரனையும் கேட்டு, ஏதோ அவசரம் என்று நினைத்தாரோ என்னவோ, ஓடிவந்து நடு ரோட்டில் நின்று எங்களுக்குக் கை காட்டினார். "ஹோகி ஹோகி! ரோடு கிளியர்!" போங்க போங்க என்று அவர் காட்டிய கையில் ஒரு பெருமை இருந்தது.

மாமா பஸ்ஸை அவர் பக்கத்தில் நிறுத்தி, மறியல் செய்கிறவர்கள் யாரும் இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார். எல்லோரையும் விடிகாலையிலேயே வேனில் ஏற்றிக்கொண்டு போயாகிவிட்டது, சாயங்காலம்தான் விடுவார்கள், நீங்கள் பயமில்லாமல் போகலாம் என்றார் போலீஸ்காரர். மாமா போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"அப்பா எங்க மாமா?"

"வருவாரு கண்ணு."

பின்னாலிருந்து மதுரை அக்கா, "என்னண்ணா, யாருமே இல்லையா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம்தான். மாமா கியரைப் போட்டார். வளாகத்துக்குப் போகிற வழியில் திரும்பவில்லை. "அந்தப் பக்கம் கல்லெறியறாங்கன்னு கேள்வி, ரிங் ரோட்டுல சுத்திப் போயிரலாம்" என்று பொதுவாகச் சொன்னார். கல்லெறிய அங்கே ஆளே இல்லை என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் மறுக்கவில்லை. முன் சீட்டு சார் மட்டும், நிதானமாகவே போங்கள், அப்படியொன்றும் அவசரம் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார்.

அப்புறம் நடந்தது, ஒரு பஸ் தன்னை நிறுத்தச்சொல்லி ஊரைச் சுற்றி வந்த கதை. ரிங் ரோட்டில் கூட்டமாகத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் போனதும் வேறொன்றாக இருந்தது. ஒரு இடத்தில் மாடுகள். ஒரு இடத்தில், லாரி டிரைவர்கள் வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு நிழலில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு முனையில் நிஜமாகவே கொடிகள் தெரிந்தன. அது அப்பாவின் சங்கம் இல்லை, வேறு ஏதோ கட்சி. மாமாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே போய் அவர்கள் முன்னால் பஸ்ஸை நிறுத்தினார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கொடிகளைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் மரியாதையாக விலகி வழி விட்டார்கள்.

மாமா இறங்கிப் போனார். முதல் நாள் கூடத்தில் செய்து காட்டிய அதே கும்பிடோடு, தன் பஸ்ஸை ஒரு நிமிஷம் மறிக்க முடியுமா என்று கேட்டார். அவர்களில் பெரியவர் போலிருந்தவர், "நம்து ஆயித்து, நீவு ஹோகி" என்றார். எங்களுடையது முடிந்தது, நீங்கள் போகலாம். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"சும்மா ஒரு தடவ முன்னால வந்து நில்லுங்க சார், ஒரு போட்டோ மட்டும்" என்று மாமா மன்றாடினார். இப்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவன் போலீஸ் அனுப்பிய ஆளாக இருப்பானோ என்று ஒருவர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. ஜீப் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டது.

மாமா திரும்ப ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. முதலாளி. மற்ற பஸ்கள் எல்லாம் வளாகத்துக்குள் போய்விட்டன, நீ எங்கே இருக்கிறாய் என்று அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "வந்துட்டே இருக்கேன் சார்" என்றார் மாமா. பிறகு பஸ்ஸைத் திருப்பினார். இந்த முறை எங்கும் சுற்றவில்லை.

ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குள் அன்று நுழைந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க அம்மாவோடு நான் அங்கே பல முறை போயிருக்கிறேன். எப்போது போனாலும் காலடியில் தரை அதிர்வது போல ஒரு சத்தம் இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அன்று இரண்டு பக்கமும் கதவுகள் சங்கிலி போட்டுக் கிடந்தன. புகைபோக்கியில் புகை இல்லை. ஒரு மரத்தில் கிளிகள் சண்டை போடுவது கேட்டது. அந்த ரோட்டில் கிளிகள் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் பஸ் ஒன்றுதான் உறுமிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் எனக்கே ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது.

அப்பாவின் தொழிற்சாலைக்கு முன்னால் வந்தபோது மாமா வேகத்தைக் குறைத்தார். ரோட்டின் கோடியில் வளாகத்தின் பெரிய கதவு தெரிந்தது. காவலாளிகள் எங்களைப் பார்த்துவிட்டு அதைத் திறக்கத் தொடங்கினார்கள். மாமா பஸ்ஸை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைத்தார். சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின் சீட்டுப் பையன்கள் விழித்துக்கொண்டார்கள். மதுரை அக்கா ஜன்னல் வழியாக முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "யாருண்ணா நிறுத்துனது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

முன் சீட்டு சார் எழுந்து நின்றார். அதுவரை அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது கோபம் வந்தது. அவர்கள் பேசியது கன்னடத்தில். நான் தமிழில் சொல்கிறேன். மறியல்காரர்கள் நிறுத்தினால் அது ஒரு விஷயம். டிரைவர் தானாக நிறுத்தினான் என்று நான் ஆபீசில் எப்படிச் சொல்வது? இவ்வளவு தூரம் வந்தவர்கள் மிச்சத்தை நடந்தே வந்திருக்கலாமே என்று கேட்க மாட்டார்களா? சாரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, ஒரு கும்பல் வந்து மறித்தது என்று சொல்லிவிடலாம் என்றார். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது; யோசனை அவருக்கே பிடித்திருந்தது.

"ஆமாண்ணா, நாங்களும் அப்படியே சொல்றோம்" என்றார் மதுரை அக்கா. பையன்கள் தலையாட்டினார்கள். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சேர்ந்து மாமாவுக்கு ஒரு கும்பலைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

"வேண்டாங்க மேடம்" என்றார் மாமா. "உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படிச் சொல்லிக்கங்க. நான் அப்படிச் சொல்லல."

சார் தன் பையைத் தூக்கிக்கொண்டு வளாகத்தைப் பார்த்து நடந்தார். பையன்கள் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். மதுரை அக்கா மட்டும் இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மிச்ச பிஸ்கட்டை என் கையில் வைத்துவிட்டு அவரும் வளாகத்துக்கே போனார். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

முதலாளி வர வெகு நேரம் ஆகவில்லை. காரை எங்களுக்கு முன்னால் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினார். முதலில் பஸ்ஸைச் சுற்றி வந்து கண்ணாடிகளைப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்தன. அதில் அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. தமிழ் டிரைவர்களிடம் அவர் தனக்குத் தெரிந்த, கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார். "எஷ்டு பேர், எத்தன பேர் வந்தாங்க? யார் கட்சி?" என்றார்.

"யாரும் வரலீங்க சார். நான்தான் நிறுத்துனேன்."

"அடிச்சாங்களா? பயமுறுத்தினாங்களா? சொல்லப்பா, கம்பெனிக்கு நான் ஏதாவது சொல்ல பேக்கல்லா?"

கம்பெனிக்குத் தான் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று அவர் கேட்டது மிரட்டல் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், அவரும் மாமாவுக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்றே தோன்றுகிறது. கும்பல் மறித்தது என்றால் அவருக்கும் நஷ்டமில்லை.

"யாரும் அடிக்கலீங்க."

"மத்தே, பின்ன ஏன் நிறுத்தினே?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "இன்னைக்கு பந்த்துங்க சார்" என்றார்.

முதலாளி கையை நீட்டினார். மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். டிரைவர்களை வைத்துப் பிழைக்கிறவர் ஆவதற்கு முன்பு முதலாளியும் டிரைவர்தானாம். தன் காரை அங்கேயே விட்டுவிட்டு, எங்களை இறக்கிவிட்டு, ஆளே இல்லாத அந்த பஸ்ஸைத் தானே ஓட்டிக்கொண்டு வளாகத்துக்குள் போனார். காவலாளிகள் கதவை அகலத் திறந்து வணக்கம் வைத்தார்கள்.

நாங்கள் நடந்தோம். அப்பாவும் மற்றவர்களும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைக்கப்பட்டிருப்பதாக வழியில் ஒருவர் சொன்னார். எனக்குக் கால் வலித்தபோது மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மண்டபத்தில் வாழைமரம் கட்டிய பந்தல் எந்தக் கல்யாணத்துக்கோ போட்டது அப்படியே இருந்தது. உள்ளே கோஷம் பலமாக இருந்தது. வாசலில் போலீஸ்காரர்கள் அதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இலைத் தொன்னையில், அந்த ஊரில் உப்பிட்டு என்று சொல்லும் உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டே கம்பிக் கதவுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். சந்திப்பில் நிற்க முடியாமல் போனதற்கு மாமாவிடம் வருத்தம் சொன்னார். மாமா நடந்ததைச் சொன்னார். சொல்லச்சொல்ல அப்பாவின் சிரிப்பு போய்விட்டது.

"கும்பல் மறிச்சிருச்சுன்னு சொல்லியிருக்கலாமே மாப்ள!"

"சொல்லியிருக்கலாமுங்."

"கல்யாணத்த வெச்சுக்கிட்டு... உனக்குப் பைத்தியமா?"

நாட்டையே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போன அப்பா, நின்றுவிட்டு வந்த ஒருவரைக் கம்பிக்குப் பின்னாலிருந்து திட்டிக்கொண்டிருந்தார். மாமா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, கம்பி வழியாகக் கையை விட்டு மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பசித்தது. கீழே வைத்த உப்பிட்டைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பாவை விட்டுவிட்டார்கள். சங்கத்து ஆட்கள் சிலர் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார்கள். பந்த் முழு வெற்றி என்று தலைவர்கள் அறிவித்திருந்தார்கள். இயல்பு வாழ்க்கைக்குப் பாதிப்பில்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஹெப்பாளில் என்ன நடந்தது என்று யாரோ போனில் கேட்டதற்கு அப்பா, "ஹெப்பாள்ல கம்பெனி பஸ் நிறுத்தப்பட்டது" என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா தலையைத் தூக்கினார்.

"நிறுத்தப்படலீங் மச்சான்" என்றார். "நான் நிறுத்துனேன்."

அப்பா போனில் அதைத் திருத்திச் சொன்னாரா என்பது எனக்கு நினைவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து எல்லோருக்கும் முன்னால் மாமாவின் கையில்தான் முதல் டம்ளரைக் கொடுத்தாள்.

அந்த ஒரு நாளால் சட்டம் நின்றுவிடவில்லை. மெதுவாக, இடையில் எல்லோரும் அதை மறந்திருந்த ஒரு சமயத்தில், அது வந்தே விட்டது. கொள்ளேகாலத்துப் பெண் வீட்டார் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மாமா பல மாதங்கள் சும்மா இருந்தார். பிறகு பால் வண்டி ஓட்டினார். இப்போது ஹனூரில் சொந்தமாகச் சரக்கு ஆட்டோ வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள். அன்றைக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு நாள் வேலைநிறுத்தத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டதில்லை. அப்பாவும் அந்த நீளமான பதிலை எங்கள் வீட்டில் சொன்னதில்லை. அதன் பிறகும் பந்த்கள் வந்தன. பசை காய்ச்சினார்கள். மாமா ஊரிலிருந்து வந்திருந்தால் அவரும் ஒட்டப் போவார்.

எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. பந்த்துக்கு மறுநாள் காலையில் ஊர் வழக்கம்போல இரைந்தது. எங்கள் சந்தில் ஸ்கூட்டர்கள் முட்டிக்கொண்டன. அப்பா தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமா எப்போதும் எழும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, காக்கிச் சட்டையைப் போட்டு, பொத்தான்களைப் பாதி மாட்டியவர் அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு பாயில் வந்து உட்கார்ந்தார். அம்மா எனக்கு இழுத்து இழுத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் முடிக்காததால் பள்ளியில் எனக்கு அடி காத்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் பந்த் நேற்றோடு முடிந்துவிட்டது, மாமாவுக்கு மட்டும் இன்றைக்கும் இருக்கிறது என்று நினைத்து, அவரைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே நான் பையைத் தூக்கினேன்.